தீர்த்தன் ஆற்றில் வெட் ஃப்ளை: காரைக்குடித் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி: "காரைக்குடிப் பக்கம் கண்மாய்களில் சின்ன வயதிலிருந்து தூண்டில் போடுகிறேன். கெண்டைக்குத் தக்கையும் மண்புழுவும், விராலுக்குத் தவளை லூரும் (தவளை வடிவப் போலி இரை). வருகிற ஏப்ரலில் நண்பர்களோடு இமாச்சலில் தீர்த்தன் ஆற்றுக்கு ட்ரவுட் பிடிக்கப் போகிறோம். அங்கே வெட் ஃப்ளை நன்றாக எடுக்கும் என்கிறார்கள். வீடியோ பார்த்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எப்படிப் போடுவது, என்ன வாங்குவது, கண்மாய் அனுபவம் உதவுமா? சுழலும் தகடு வைத்த லூரான ஸ்பின்னரே போதும் என்று ஒரு நண்பன் சொல்கிறான், அது சரியா அண்ணே?"

தம்பி, நான் தேவகோட்டைக்காரன். நானும் கண்மாய்க்கரையில்தான் தூண்டில் பிடிக்கப் பழகினேன். வேலை நிமித்தம் குலுப் பக்கம் சில ஆண்டுகள் இருந்தபோது அந்த ஊர்க்காரர்களிடம் ஃப்ளை போடக் கற்றுக்கொண்டேன். அதனால் நீ எந்த இடத்தில் நின்று கேட்கிறாய் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. உன் கண்மாய் அனுபவத்தில் பெரும்பகுதி அங்கே கைகொடுக்கும். ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் எல்லாவற்றுக்கும் அடிப்படையான விஷயம். வெட் ஃப்ளை என்பது கொக்கியில் நூலும் இறகும் கட்டி, தண்ணீருக்குள் மூழ்கிப் போகும்படி செய்த போலிப் பூச்சி. வெட் ஃப்ளையில் மீன் எடுக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது பூச்சி தண்ணீருக்குள் போகும் வேகம். கடையில் நூறு வகைப் பூச்சி விற்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கும். சரியான வேகத்தில் போகும் சுமாரான பூச்சியை ட்ரவுட் எடுத்துவிடும். தப்பான வேகத்தில் போகும் அழகான பூச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த வேகத்தை ஆள்வது உன் லைன், அதாவது ராடிலிருந்து வீசும் கனமான நூல். ஆகவே நீ கற்க வேண்டியதெல்லாம் லைனை ஆள்வதுதான். கீழே நான் எதைச் சொன்னாலும் சுற்றிச் சுற்றி இதற்கே வந்து சேரும்.

ட்ரவுட் எங்கே வாழ்கிறது, ஏன் அங்கே மட்டும் வாழ்கிறது என்று தெரிந்தால் மற்றது சுலபம். 10 டிகிரி குளிர்ந்த தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமுக்கு இறங்கிவிடும். ட்ரவுட்டுக்கு 10 முதல் 16 டிகிரி வரை தோதானது. 20-ஐத் தாண்டினால் இரை எடுப்பது குறையும், 25-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. சித்திரை மாதத்தில் நம் கண்மாய்த் தண்ணீர் 30-க்கு மேல் கொதிக்கும். நம் விரால் மேலே வந்து காற்றைக் குடித்துக்கொண்டு சேற்றிலும் பிழைத்துக் கிடக்கும். ட்ரவுட்டுக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் தமிழ்நாட்டில் மலைக்கு மேலே மட்டும் அது பிழைத்தது. நீலகிரியில் மீன் வளர்ப்பு வல்லுநர் எச்.சி. வில்சன் ரெயின்போ ட்ரவுட்டை நிலைக்க வைத்ததும், அவலாஞ்சியில் 1907-ல் குஞ்சு பொரிப்பகம் அமைந்ததும் அப்படித்தான். வடக்கே 1900-ல் காஷ்மீருக்குப் பிரவுன் ட்ரவுட் வந்தது. அங்கிருந்து 1909-ல் குலுவுக்கு முட்டை கொண்டுவந்தார்கள். தீர்த்தனில் நீ பார்க்கப் போவது பெரும்பாலும் பிரவுன் ட்ரவுட். ரெயின்போவும் கலந்து கிடைக்கும்.

குளிர்ந்த, வேகமான தண்ணீரில் வாழும் மீனுக்கு ஒரு கணக்கு எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். நீந்தச் செலவழிக்கும் சக்தியைவிட இரையில் வரும் சக்தி கூடுதலாக இருக்க வேண்டும். எனவே அது நடு வெள்ளத்தில் போராடிக்கொண்டு நிற்காது. பாறாங்கல்லுக்குப் பின்னால், சில சமயம் அதன் முன்னாலும், கரை ஓரக் குடைவில், மடு முடிந்து தண்ணீர் மெலிந்து ஓடத் தொடங்கும் இடத்தில், வேகத் தண்ணீரும் மெதுத் தண்ணீரும் உரசும் கோட்டில் நிற்கும். தலை எப்போதும் வெள்ளம் வரும் திசையைப் பார்த்தே இருக்கும். மெதுவான பக்கத்தில் நின்றுகொண்டு, வேகமான பக்கம் கொண்டுவரும் இரையை எட்டி எடுத்துவிட்டுத் திரும்ப வந்து நிற்கும்.

இதை நீ ஊரிலேயே பார்த்திருப்பாய். ஐப்பசி கார்த்திகையில் கண்மாய் நிறைந்து கலிங்கு வழியும்போது, புதுத்தண்ணீருக்கு எதிராகக் கெண்டை ஏறி நிற்குமே, கலிங்குக் கல்லுக்குக் கீழே சுழலுக்குப் பக்கத்தில்? அது எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து நிற்கிறது என்று கவனித்திருந்தால் தீர்த்தன் உனக்குப் புதிய ஆறு இல்லை. கலிங்கில் தூண்டில் போட்டவனுக்கு ஓடும் தண்ணீரைப் படிக்கத் தெரியும். தேங்கிய கண்மாயில் மட்டும் போட்டவன்தான் அங்கே போய்த் திணறுவான்.

சரி, வெட் ஃப்ளை எதைக் காட்டுகிறது? அங்கே போனதும் முழங்காலளவு ஓட்டத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் பார். அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும், பெரும்பாலும் மூன்று வால் உள்ளது மேஃப்ளையின் இளம்பூச்சி. கொஞ்சம் தடித்து, இரண்டு வாலோடு நகர்வது ஸ்டோன்ஃப்ளை. மணலையும் பொடிக்கல்லையும் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு உள்ளே இருப்பது காடிஸ். இவை எல்லாம் மாதக்கணக்கில் தண்ணீருக்கடியில் வளர்ந்து, ஒரு நாள் மேலே எழுந்து சிறகு விரித்துப் பறக்கும். சில இனங்கள் கரைக்கல்லில் ஏறி உரிக்கும். மேலே எழும் அந்தச் சில நொடிகளில் பூச்சிக்குத் தற்காப்பு கிடையாது. ஓட்டம் இழுத்துக்கொண்டு போகும், கால்கள் துடிக்கும். பறந்த பிறகும் முட்டையிட வந்து தண்ணீரில் மூழ்கிச் சாவது நிறைய. ட்ரவுட் இரையில் மிகப் பெரும்பகுதியைத் தண்ணீருக்குள்ளேயே எடுத்துக்கொள்கிறது. மேலே மிதக்கும் பூச்சியை எடுப்பது நம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் அதையே பெரிதாகப் பேசுகிறோம். வெட் ஃப்ளை என்பது எழும் பூச்சிக்கும் மூழ்கிய பூச்சிக்கும் பொதுவான ஒரு சாயல். உருவம் அச்சு அசலாக இருக்கத் தேவையில்லை. உயிர் இருப்பதுபோல் அசைந்தால் போதும்.

அந்த அசைவுக்காகவே நான் உனக்கு மெல்லிறகுப் பூச்சியைச் சொல்வேன். சிறகு வைத்துக் கட்டிய பழைய பாணிப் பூச்சிகளும் மீன் பிடிக்கும், கட்டுவது சிரமம், வேகத் தண்ணீரில் சுழன்று நூலை முறுக்கும். மெல்லிறகுப் பூச்சியில் இருப்பது மூன்றே பொருள்: கொக்கி, பட்டு நூல், ஒரு இறகு. இங்கிலாந்தின் வடபகுதி ஆறுகளில் பல தலைமுறையாக இதைத்தான் போடுகிறார்கள். ஆரஞ்சு நூலில் கவுதாரி இறகு கட்டிய பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு அந்த வகையில் மிகப் பெயர் பெற்றது.

இதை நீயே ஊரில் கட்டலாம் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். 12 அல்லது 14 எண் கொக்கி எடு. வைஸ் என்னும் சின்னப் பிடியில் அதை மாட்டி, கொக்கியின் கண்ணுக்கு (நூல் கோக்கும் துளைக்கு) சற்றுப் பின்னாலிருந்து ஆரஞ்சுப் பட்டு நூலைப் பக்கத்தில் பக்கத்தில் படியச் சுற்றிக்கொண்டே போ. கொக்கி முனைக்கு நேர் மேலே வந்ததும் நிறுத்து. வளைவுக்குள் இறங்காதே. உடல் குட்டையாக, ஒல்லியாக இருக்க வேண்டும். அப்படியே திரும்பக் கண் வரை சுற்றி வா. இப்போது இறகு. நாட்டுக்கோழிப் பெட்டையின் கழுத்திலும் முதுகிலும் பழுப்பும் கறுப்புமாகப் புள்ளி விழுந்த மெல்லிய இறகுகள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கேட்டால் ஒரு பை நிறையவே தருவார்கள். சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தி, கற்பூரம் போட்டு வைத்தால் பூச்சி அரிக்காது. சேவல் கழுத்து இறகு வேண்டாம். அது விறைப்பாகத் தண்ணீரைத் தள்ளி நிற்கும், மிதக்கும் பூச்சிக்குத்தான் ஏற்றது. பெட்டை இறகைத் தண்ணீரில் நனைத்து ஊதிப் பார், ஒவ்வொரு இழையும் தனியே துவளும். உனக்கு வேண்டியது அந்தத் துவளல்.

இறகின் அடியிலிருக்கும் பஞ்சை உரித்துவிட்டு, நுனியைப் பிடித்துக்கொண்டு மற்ற இழைகளைப் பின்னுக்கு நீவி விடு. நுனியைக் கண்ணுக்குப் பின்னால் கட்டி, இரண்டே சுற்று சுற்று. மூன்றாவது சுற்றுக்குக் கை போகும், போக விடாதே. அடர்த்தியாகிவிட்டால் அது பூச்சியாகத் தெரியாது, பிரஷ்ஷாகத் தெரியும். நூலால் முடிந்து, தலையில் ஒரு துளி வார்னிஷ். நகப்பூச்சுக்கு வைத்திருக்கும் நிறமில்லாத பாலிஷ் இருந்தாலும் போதும். கட்டி முடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு மேலும் கீழும் இழுத்துப் பார். நிறுத்தினால் இழைகள் குடைபோல் விரிய வேண்டும், இழுத்தால் உடலோடு ஒடுங்க வேண்டும். இவ்வளவு செய்தால் பரீட்சையில் தேறிய பூச்சி.

இரண்டாவது பூச்சிக்கு உடலை மயில் தோகை இழையால் கட்டு. திருப்பத்தூர், சிங்கம்புணரிப் பக்கம் காட்டோரத்தில் உதிர்ந்த தோகை கிடைக்காத ஆள் யார்? அதன் இழையில் பச்சையும் வெண்கலமும் கலந்து ஒரு மினுக்கம் உண்டு. தண்ணீருக்குள் வண்டு ஓட்டின் மினுக்கம்போலவே இருக்கும். இழை மெல்லியது, ட்ரவுட்டின் பல் பட்டால் அறுந்துவிடும். அதனால் அதை நூலோடு சேர்த்து முறுக்கிச் சுற்று. உதிர்ந்த தோகை மட்டும் போதும். பறவையைத் தொடாதே, சட்டம் கடுமையானது. கவுதாரிக்கும் இதுவே பொருந்தும், அதுவும் காப்புப் பெற்ற பறவை. அந்த இங்கிலாந்துப் பூச்சிக்கு அசல் இறகு வேண்டுமென்று யாராவது கவுதாரி பிடித்துத் தருகிறேன் என்றால் மறுத்துவிடு. நாட்டுக்கோழி இறகு அதற்கு ஒரு குறையும் இல்லாத மாற்று. நம் மலைகளின் கானக்கோழியும் ஒரு காலத்தில் இந்தத் தொழிலுக்காகவே பெரும் அழிவைக் கண்டது. அதன் கழுத்து இறகில் மெழுகுத் துளிபோல் மின்னும் பொட்டுக்காக மேல்நாட்டு சால்மன் பூச்சி கட்டுபவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். இன்று அந்த ஏற்றுமதி தடைசெய்யப்பட்டிருக்கிறது. நல்லதே.

இந்த இரண்டு வகையில் 12-ம் 14-ம், அதோடு கறுப்பு நூலில் கறுப்புக் கோழி இறகு கட்டியது சில. மொத்தம் இருபது பூச்சி போதும். எல்லாக் கொக்கியிலும் முனைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடு.

சாமான்களைப் பொறுத்தவரை சுருக்கமாகவே சொல்கிறேன். 9 அடி, 5-ம் எண் ராட், அதே எண்ணில் மிதக்கும் லைன், சாதாரண ரீல். ரீலுக்கு அதிகம் செலவு செய்யாதே, லைனுக்குச் செய். உனக்குப் பழகிய தூண்டிலில் லூரின் எடை நூலை இழுத்துக்கொண்டு பறக்கும். இங்கே பூச்சிக்கு எடையே இல்லை. லைனின் எடைதான் பூச்சியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 5-ம் எண் லைனின் முதல் 30 அடி சுமார் 9 கிராம், அதுதான் உன் குண்டு. லைனின் முனையில் 9 அடி லீடர் (நுனி மெலிந்து போகும் கண்ணாடி நூல்), அதன் நுனியில் பூச்சி கட்டும் மெல்லிய நூலான டிப்பெட், 4 எக்ஸ், அதாவது 0.18 மில்லிமீட்டர் கனம். தண்ணீர் மிகத் தெளிவாக இருந்தால் 5 எக்ஸ், 0.15. இரண்டு பூச்சி கட்டு. நுனியில் ஒன்று, அதற்கு இரண்டடி மேலே நான்கு விரற்கடை நீளக் கிளை நூலில் இன்னொன்று. மூன்று கட்டுவது பழைய வழக்கம். பாறை நிறைந்த தீர்த்தனில் மூன்று கட்டினால் சிக்கெடுக்கவே பொழுது போய்விடும். லீடரின் கடைசி முழத்தில் ஆற்றோரக் களிமண்ணைத் தேய்த்துவிடு. பளபளப்புப் போய், தண்ணீருக்குள் உடனே இறங்கும்.

இனி போடும் முறை. ஆற்றைப் பார்த்து நில். எதிர்க்கரைக்கு நேராகப் போடாமல், கீழ்நோக்கி 45 டிகிரி சாய்த்துப் போடு. லைன் தண்ணீரில் விழுந்ததும் பூச்சி மெல்ல மூழ்கி, வெள்ளம் இழுக்க, ஒரு வளைவாக உன் பக்கக் கரையை நோக்கி வரும். கடைசியில் உனக்கு நேர் கீழே வந்து நிற்கும். இந்த வளைவுதான் வெட் ஃப்ளையின் முழு ஆட்டமும்.

பிரச்சினை எங்கே வருகிறதென்றால், உனக்கும் பூச்சிக்கும் நடுவில் இருக்கும் தண்ணீர் பெரும்பாலும் வேகமாக ஓடும். அது லைனின் நடுப்பகுதியைக் கீழே தள்ளி வில்லாக வளைத்துவிடும். அந்த வில் இறுகியதும் பூச்சியைச் சுண்டி இழுக்கும். உடனே பூச்சி மேற்பரப்பில் கோடு கிழித்துக்கொண்டு ஓடும். எந்த இளம்பூச்சியும் அந்த வேகத்தில் வெள்ளத்துக்குக் குறுக்கே நீந்தாது, ட்ரவுட்டுக்கு அது தெரியும். இதற்கு மருந்து மெண்ட். லைன் விழுந்ததுமே, அது இறுகுமுன், ராட் முனையைத் தூக்கி மேல்நோக்கி ஒரு அரைவட்டம் போட்டு, லைனின் நடுப்பகுதியை மட்டும் வெள்ளத்துக்கு எதிர்ப்பக்கம் எடுத்து வை. பூச்சி அசையாமல் லைன் மட்டும் நகர வேண்டும். இது மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து செய்கிற வேலை, வலு தேவையில்லை. ஒரு வளைவுக்குள் இரண்டு மூன்று முறைகூட மெண்ட் செய்ய வேண்டி வரும். மெதுவான மடுவில் நேர்மாறு: பூச்சி நின்றே போய்விடும்போல் இருந்தால் லைனைக் கீழ்நோக்கி எடுத்துவைத்து வேகம் கூட்டு. மெண்ட் செய்யாமலே வேகத்தைக் குறைக்க இன்னொரு வழி, இன்னும் சாய்த்துக் கீழ்நோக்கிப் போடுவது. தண்ணீர் குளிர்ந்திருக்கும் ஏப்ரல் காலையில் மீன் சோம்பலாக இருக்கும், அதிக தூரம் துரத்தாது. அப்போது நிறையச் சாய்த்து, மிக மெதுவான வளைவாகப் போடு.

லைன் போகும் திசையிலேயே ராட் முனையும் நகர்ந்துகொண்டு வரட்டும். முனையைத் தண்ணீரை ஒட்டி வைக்காமல் இடுப்பளவு உயரத்தில் வை. முனைக்கும் தண்ணீருக்கும் நடுவே லைன் லேசாகத் தொங்க வேண்டும். மீன் எடுத்ததும் அந்தத் தொங்கல் நிமிரும். அதற்குள் மீன் வாயை மூடித் திரும்பிவிடும்.

மீன் எடுப்பது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, பூச்சி கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருந்து லைன் இறுகி மேலே எழத் தொடங்கும் அந்தத் திருப்பத்தில். இன்னொன்று, வளைவு முடிந்து உனக்கு நேர் கீழே பூச்சி தொங்கி நிற்கும்போது. நிறையப் பேர் இரண்டாவதை வீணாக்குகிறார்கள். வளைவு முடிந்த உடனே லைனைத் தூக்கி மறுபடி வீசுகிறார்கள். பத்து எண்ணும்வரை நிறுத்திவை. பிறகு கையால் ஒரு சாண், ஒரு சாணாக இழு, நிறுத்து, இழு. அதன் பிறகே தூக்கு. தூக்கும்போதும் மெதுவாக. பூச்சி மேலே எழுவதுபோல் தெரிவதால் கடைசி நொடியில்கூட எடுக்கும். மீன் எங்கே நிற்கிறது என்று உனக்கு உறுதியாகத் தெரிந்தால் இந்த எழுச்சியை வேண்டுமென்றே உண்டாக்கலாம். கல்லுக்கு நன்றாக மேலே போட்டு, பூச்சியைத் தடையில்லாமல் மூழ்கவிட்டு, மீனுக்கு முன்னால் வரும்போது ராடை நிறுத்து. வெள்ளமே பூச்சியை அதன் மூக்குக்கு முன்னால் தூக்கிக் காட்டும்.

ஒரு வீச்சு முடிந்ததும் கீழ்நோக்கி இரண்டு எட்டு வைத்து அடுத்ததைப் போடு. ஒரே இடத்தில் நின்று ஐம்பது தடவை வீசுவது கண்மாய்ப் பழக்கம். கண்மாயில் மீன் சுற்றி வரும், காத்திருக்கலாம். ஆற்றில் மீன் நிற்கும், நீதான் போக வேண்டும். முதல் வீச்சைக் காலடியிலிருந்து ஆரம்பி. தண்ணீருக்குள் இறங்குவதற்கு முன்பே கரையோரத்தில் இரண்டு வீச்சு போடு. நல்ல மீன் அங்கேதான் நிற்கும், நாம்தான் அதை மிதித்துக்கொண்டு போய் நடு ஆற்றில் தேடுகிறோம்.

இப்போது விட்டுவிட்டுப் போகச் சொன்ன பழக்கம். அது சுண்டி இழுப்பது. கெண்டைக்குத் தக்கை அமிழ்ந்ததும் சுண்டுகிறாய். விராலுக்குத் தவளையை வாய்க்குள் வாங்க ஒரு மூச்சு பொறுத்து, அதன் கெட்டியான வாயில் ஏறும்படி முழுபலத்தோடு வெட்டி இழுக்கிறாய். கண்மாயில் இரண்டும் சரி. கீழ்நோக்கிப் போட்ட வெட் ஃப்ளையில் மீன் உனக்குக் கீழே, உன்னைப் பார்த்து நிற்கிறது. பூச்சியை எடுத்த நொடியில் நீ சுண்டினால், திறந்த வாயிலிருந்து நேராகப் பிடுங்கிவிடுவாய். ஒன்றும் செய்யாதே. மீன் எடுத்துத் திரும்பும்போது இறுகிய லைன் கொக்கியை வாயோரத்தில் தானே ஏற்றிவிடும். கனம் தெரிந்த பிறகு ராடைப் பக்கவாட்டில், கரைப்பக்கமாகச் சாய்த்தால் போதும். நம் ஊர்க் கைக்கு இதுதான் மிகக் கடினமான பாடம், கை தானாகவே எகிறும். லைனைப் பிடித்திருக்கும் இடது கை விரல்களைத் தளர்த்தியே வைத்திருந்தால் கொஞ்சம் கட்டுப்படும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. முழங்காலுக்குக் குறைவான, தெளிந்த ஓட்டத்தில் கீழ்நோக்கிப் போட்டால் மீன் உன்னைப் பார்த்துவிடும். அங்கே மீனுக்குப் பின்னாலிருந்து, மேல்நோக்கி, இருபது அடிக்குள் குட்டையாகப் போடு. பூச்சி உன்னை நோக்கி மிதந்து வரும், லைன் தளர்ந்தே இருக்கும். லைன் முனை சற்றே தயங்கினாலோ விலகினாலோ உடனே இறுக்கு. அந்த இடத்தில் மட்டும் உன் கெண்டைக் கை உதவும்.

பயிற்சிக்கு தீர்த்தன் வரை போக வேண்டாம். வற்றிய கண்மாய்ப் பொட்டலில் கொக்கி இல்லாமல், லீடர் முனையில் ஒரு துண்டு கம்பளி நூல் கட்டி, தினம் அரை மணி வீசு. பின்னால் போன லைன் முழுதும் நீளும்வரை பொறுத்துத்தான் முன்னால் அடிக்க வேண்டும். அந்தப் பொறுமை கைக்கு வர ஒரு வாரம் ஆகும். சீமைக்கருவேலம் மண்டிய கரையில் நின்று, பின்னால் வீசாமல் லைனை முன்னால் உருட்டிவிடும் ரோல் காஸ்ட் பழகு. தீர்த்தன் கரையிலும் ஆல்டர் மரங்கள் அப்படித்தான் முதுகை உரசும். தண்ணீர் இருக்கும் கண்மாயில் அதே மெல்லிறகுப் பூச்சிக்கு ஜிலேபியும் கெண்டைப்பொடியும் எடுக்கும். கண்மாய் மீன் குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போடு. மெண்ட் பழக மடையிலிருந்து தண்ணீர் பாயும் வாய்க்காலே போதும்.

மாதத்தைப் பற்றி. இமாச்சலில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ட்ரவுட் பிடிக்கக் கூடாது, பிரவுன் ட்ரவுட் முட்டையிடும் காலம். மார்ச்சும் ஏப்ரலும் நல்ல பருவம். அப்போது விடியற்காலையில் எழுந்து ஓடாதே. தண்ணீர் மிகக் குளிர்ந்திருக்கும், பூச்சியும் எழாது. வெயில் ஏறி, பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை போடு. மே, ஜூனில் போகிறவர்களுக்கு நேர்மாறு: மதியத்துக்கு மேல் பனி உருகி ஆறு பெருகி வெளுத்துவிடும், காலைதான் நேரம். மழைக்காலத்தில் கலங்கல். செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் மறுபடி தெளிவு. லைசென்ஸை மீன்வளத் துறையிடம் முதல் நாளே எடுத்துக்கொள். எத்தனை மீன், எந்த அளவு வைத்துக்கொள்ளலாம் என்பதை அங்கேயே கேட்டு அதன்படி நட. திருப்பி விடும் மீனை ஈரக்கையால் மட்டும் தொடு. வறண்ட கை பட்டால் அதன் வழுவழுப்புப் படலம் உரிந்து நோய் பிடிக்கும்.

பாதுகாப்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், நீங்கள் இளைஞர்கள் கூட்டமாகப் போகிறீர்கள். முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம், கையில் ஒரு கம்பு இருக்கட்டும். உருண்டைக்கற்கள் பாசி பிடித்து வழுக்கும், அந்தக் குளிரில் கால் மரத்துவிடும். தீர்த்தன் லார்ஜியில் போய்ப் பியாஸோடு சேர்கிறது. அந்த இடத்து அணைக்குக் கீழே பியாஸில் எக்காரணத்துக்கும் இறங்காதீர்கள். 2014 ஜூனில் அணைத் தண்ணீர் திடீரெனத் திறந்துவிடப்பட்டு, ஹைதராபாத்திலிருந்து வந்த 24 மாணவர்கள் அங்கேதான் அடித்துச் செல்லப்பட்டார்கள். ஆறு அமைதியாக இருந்ததால்தான் அந்தப் பிள்ளைகள் கல்மேல் நின்றிருந்தார்கள். எந்த ஆற்றிலானாலும் தண்ணீர் மட்டம் விரலளவு ஏறினாலும், நிறம் மாறினாலும் உடனே கரையேறு.

வைத்துக்கொள்ள அனுமதித்த மீனைச் சமைப்பதாக இருந்தால், வீட்டிலிருந்து கொண்டுபோகும் குழம்பு மசாலாவை வெளியே எடுக்காதே. விராலின் கெட்டிச் சதைக்கு அது பொருந்தும். ட்ரவுட்டின் சதை மென்மையானது. உப்பு, மஞ்சள், இடித்த மிளகு, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய். அவ்வளவே.

உன் நண்பன் சொன்ன ஸ்பின்னர் தப்பில்லை. மழை பெய்து தண்ணீர் கலங்கிய நாளிலும், ஆழமான பெரிய மடுவிலும் அது வெட் ஃப்ளையை முந்தும். ஆனால் முழங்காலளவு ஓட்டத்தில், கல்லுக்குக் கல் தண்ணீர் உடைந்து ஓடும் இடத்தில், ஸ்பின்னர் விழும் சத்தத்துக்கே மீன் கலைந்துவிடும். தீர்த்தனில் அப்படிப்பட்ட தண்ணீர்தான் அதிகம். எடுத்துக்கொண்டு போகட்டும். மும்முனைக் கொக்கியைக் கழற்றிவிட்டு முள் நசுக்கிய ஒற்றைக் கொக்கி மாட்டச் சொல். ஒரே ஓட்டத்தில் நீ முதலில் பூச்சி போட்டு இறங்கு, அவன் உன் பின்னால் வரட்டும். ஸ்பின்னர் போன தண்ணீரில் வெட் ஃப்ளைக்கு நெடுநேரம் மீன் எடுக்காது.